கோட்டண்ணன் கணக்கு

மதுரை சிம்மக்கல்லில் எங்கள் கபடிக் குழுவின் வரவு செலவு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பொருளாளர் பதவியை இரண்டு முறை விட்டுவிட்டேன். நோட்டு மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. கோட்டண்ணனுக்கு இரங்கல் கூட்டம் என்றதும் ஆளாளுக்குப் பேசுகிறேன் என்றார்கள். எனக்கு மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் முந்தின ராத்திரி நோட்டை எடுத்து அவர் பெயரைத் தேடினேன். பந்தல்காரர் பெயர் இருந்தது. மைக்செட்காரர், பனியனில் எண் அச்சடித்தவர், ஐஸ் கட்டி கொடுத்தவர், டீக்கடை பாக்கி, எல்லாம் இருந்தது. கோட்டண்ணன் பெயர் மூன்றே இடத்தில். மூன்றிலும் ஒரே வாசகம்: ‘கோட்டண்ணன் கைமாற்று, திருப்பிக் கொடுத்தது’. குழு அவருக்குக் கொடுத்த பணமெல்லாம் அவரிடம் வாங்கிய பணம்தான்.

இத்தனைக்கும் அவர் தொழிலே கணக்கு எழுதுவது. யானைக்கல் பக்கம் பழமண்டியில் கணக்குப்பிள்ளை. விடிவதற்கு முன்னே மண்டிக்குப் போய், எத்தனை பெட்டி இறங்கியது, எத்தனை அழுகல், கமிஷன் எவ்வளவு என்று அடுத்தவன் கணக்கை எழுதிவிட்டு, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு, நாலரை மணிக்கு ஆற்றோரத் திடலுக்கு வந்துவிடுவார். ஏழரைக்குத்தான் வீடு. கபடி ஆடியவரா என்றால், சின்ன வயதில் கொஞ்சம். நன்றாக ஆடியவரா என்று கேட்டால் அவரே சிரிப்பார். அவருக்கு வாய்த்த வேலை கோடு போடுவது. பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டாருக்கு அது கூச்சம்.

அவர் எழுதாமல் விட்ட கணக்கை நான் எழுதிப் பார்க்கிறேன். இதில் ஆட்ட விதிகளிலிருந்து வரும் எண்கள் விதிப்புத்தகத்தின் எண்கள். அவருடைய நேரத்தைப் பற்றியவை என் மதிப்பு. கூட்டிப் போட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகக் குறைத்தே போட்டிருக்கிறேன்.

நூற்று நாற்பத்தெட்டு மீட்டர்

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிவர 46 மீட்டர் கோடு. இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி லாபிக் கோடு, ஒவ்வொன்றும் 13 மீட்டர், ஆக 26. நடுக்கோடு ஒன்று, அதிலிருந்து 3.75 மீட்டரில் பக்கத்துக்கு ஒரு பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் தள்ளி பக்கத்துக்கு ஒரு போனஸ் லைன். குறுக்கே மொத்தம் ஐந்து. லாபியைக் கழித்து ஒவ்வொன்றையும் 8 மீட்டராக எடுத்தால் 40. களத்துக்கு வெளியே, இரண்டு கடைக்கோட்டிலிருந்தும் 2 மீட்டர் தள்ளி, அவுட் ஆனவர்கள் உட்காரும் கட்டம். 8 மீட்டருக்கு 1 மீட்டர். ஒன்றுக்குச் சுற்றளவு 18, இரண்டுக்கும் 36. கூட்டினால் 148 மீட்டர்.

கோட்டின் தடிமன் 3 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கலாம் என்பது விதி. அண்ணன் 5 போடுவார். தெருவிளக்கு வெளிச்சத்தில் 3 சென்டிமீட்டர் தெரியாது. 148 மீட்டரை 5 சென்டிமீட்டரால் பெருக்கினால் 7.4 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன அறையின் தரை. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பொடி தூவினால் 7.4 லிட்டர், எடையில் எட்டு ஒன்பது கிலோ கோலமாவு.

சுண்ணாம்பு போட்டால் செலவு குறையுமே என்று ஒரு கமிட்டிக் கூட்டத்தில் நான்தான் கேட்டேன். பொருளாளர் கேட்க வேண்டிய கேள்விதான். “தம்பி, இது கிரிக்கெட் இல்ல. மூஞ்சி மண்ணுல தேய்க்கிற ஆட்டம். சுண்ணாம்பு கண்ணுல போனா என்னாகும்?” என்றார். நீற்றிய சுண்ணாம்பு காரம். வியர்த்த தோலில் பட்டால் எரிந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பொடிச்செலவைக் குறைக்கும் தீர்மானம் அத்தோடு போயிற்று.

மண் களத்தில் கோடு நிற்காது. இருபது பேர் ஒரு மாலை உருண்டால் பாதி அழியும். தினமும் அழிந்த இடத்தில் பூசுவார். வாரம் ஒருமுறை முழுக்கப் புதிதாகப் போடுவார். பூச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை. முழுக்கோடு மட்டும், ஆண்டுக்கு 50 வாரம்: 7.4 கிலோமீட்டர். கோலமாவு 400 கிலோவுக்கு மேல். 35 ஆண்டுக்குப் பெருக்கினால் மாவு 14 டன், கோடு 259 கிலோமீட்டர். இந்த எண் வந்தபோது கால்குலேட்டரை ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். வருசநாட்டு மலையிலிருந்து கடல் வரை வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். திடலுக்குப் பக்கத்தில் அது முக்கால்வாசி நாள் காய்ந்துதான் கிடக்கும். அதன் கரையில் குனிந்தபடியே ஒரு மனிதர் அந்த ஆற்றின் நீளத்துக்கு வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்.

ஒரு கயிறு வைத்திருந்தார். இரும்பு ஆணியில் சுற்றிய நைலான் கயிறு, அதில் ஏழு முடிச்சு. ஒரு மீட்டரில் ஒன்று, லாபிக்கு. பிறகு 3.75, 4.75, 6.5. பிறகு 10, 13. அதற்கும் அப்பால், கடைசியாக ஒன்று. அது எதற்கு என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கயிறு இற்றுப்போனால் புதுக்கயிற்றுக்கு முடிச்சை அவரே மாற்றிக்கொள்வார்.

மணிக்கு ஒரு குடம்

தண்ணீர்க் கணக்கு சுருக்கம். களத்தின் பரப்பு 130 சதுர மீட்டர். புழுதி அடங்கச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டராவது தெளிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பங்குனி வெயிலில் அரை மணிக்குள் காய்ந்துவிடும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஒன்பது நடை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் ஆண்டுக்கு 900 குடம், பதின்மூன்றாயிரம் லிட்டர், ஒரு தண்ணி லாரிக்குக் கொஞ்சம் மேல். 35 ஆண்டுக்கு 31,500 குடம். பையன்கள் தூக்க மாட்டார்களா என்றால் தூக்குவார்கள், பார்த்துக்கொண்டு யாராவது நின்றால். ஒன்பதில் நாலை அவர்கள் தலையில் எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, பிறகு விட்டுவிட்டேன். அந்த நாலுக்கும் கூப்பிட்டவர் அவர்தானே.

இனி நேரம். ஒரு நாளைக்கு மூன்று மணி. சித்திரைத் திருவிழாக் கூட்டம், ஐப்பசி கார்த்திகை அடைமழை, தெருவில் துக்கம் விழுந்த நாள் எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்து ஆண்டுக்கு 300 நாள். ஆக 900 மணி. குடமும் 900, மணியும் 900. 35 ஆண்டுக்கு 31,500 மணி. இரவு பகல் தொடர்ச்சியாக அடுக்கினால் மூன்றரை ஆண்டுக்கு மேல் அந்த மனிதர் திடலிலேயே இருந்திருக்கிறார்.

இதற்கு விலை போடுவது எப்படி? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்கு 42. சுலபமான எண், அண்ணனுக்கும் பிடித்திருக்கும், மீதி வராது. ஆண்டுக்கு 37,800 ரூபாய். முப்பத்தைந்து ஆண்டுக்கு அதே விலையில் 13 லட்சத்து 23 ஆயிரம்.

அமெரிக்காவில் இண்டிபென்டன்ட் செக்டார் என்ற அமைப்பு, சம்பளமில்லாமல் உழைப்பவரின் ஒரு மணி நேரத்துக்கு ஆண்டுதோறும் ஒரு விலையைக் கணக்கிட்டு அறிவிக்கிறது. 2023க்கு அது 33 டாலர் 49 சென்ட். அந்த விலைக்கு அண்ணனின் மணிகளைப் பெருக்கினால் 10 லட்சத்து 54 ஆயிரம் டாலர். டாலரை 83 ரூபாயாக வைத்தால் எட்டே முக்கால் கோடி. அதே மனிதர், அதே குடம். ஆற்றங்கரைக்குப் பதில் அட்லான்டிக் கரை என்பதுதான் வித்தியாசம். அங்கேயும் அந்தத் தொகையைச் சங்கங்கள் தங்கள் வரவில் எழுதிவிட முடியாது. கணக்கியல் விதிப்படி, தனித்திறன் வேண்டிய சேவையாகவோ சொத்து ஒன்றை உண்டாக்குவதாகவோ இருந்தால்தான் இலவச உழைப்பைக் கணக்கில் ஏற்றலாம். வக்கீல் இலவசமாகப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் ஏறும். கோடு போட்டால் ஏறாது, அடுத்த நாளே அழிந்துவிடுகிறதே.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்கிறேன். கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானது, 2014இல் புரோ கபடி லீக் வந்தது, 2017இல் அதில் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. 2022 ஏலத்தில் பவன் செராவத் என்ற வீரரைத் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. மீதிப் பருவம் முழுக்க வெளியே. குற்றமாகச் சொல்லவில்லை. கபடியில் முழங்கால் யார் பேச்சையும் கேட்காது. ஆனால் கணக்குப்பிள்ளையின் குழுவில் வளர்ந்தவனுக்குக் கை சும்மா இருக்காது: அந்தத் தொகையை 37,800ஆல் வகுத்தேன். 598 ஆண்டு. விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்தது 1529. அதற்கும் நூறு ஆண்டு முன்பே அண்ணன் வைகைக் கரையில் கயிறு கட்டத் தொடங்கியிருந்தால் இப்போது கணக்கு நேராகியிருக்கும்.

ஒரு ராத்திரிப் போட்டி

அண்ணனின் அருமை தெரிவது தொடர்போட்டி நடத்தும்போதுதான். நோட்டீஸில் ‘32 அணிகள் மோதும்’ என்று அச்சடிப்பது சுலபம். தோற்றவர் வெளியே என்ற முறையில் 32 அணிக்கு 31 ஆட்டம். முழு விதிப்படி 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். ஆட்டத்துக்கு 45 நிமிடம் என்றால் 31 ஆட்டத்துக்கு 23 மணி 15 நிமிடம். இதில் அணி மாறும் நேரம், தகராறு நேரம், பரிசு கொடுப்பவர் வரும் நேரம் சேரவில்லை. தகராறு நேரத்தைச் சேர்த்தால் திருவிழா மூன்று நாள் ஆகும். அதனால்தான் தெருப்போட்டியில் பாதியை 15 நிமிடமாக வெட்டுகிறோம்; 35 நிமிடத்தில் 31 ஆட்டம், 18 மணிக்குக் கொஞ்சம் மேல். சனி சாயங்காலம் தொடங்கினால் ஞாயிறு மத்தியானம்.

ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. 40 நிமிட ஆட்டத்தில் அதிகபட்சம் 80 ரெய்டு. ஒவ்வொன்றையும் பார்க்க நடுவர் ஒருவர், அம்பயர் இருவர், உதவி ஸ்கோரர் இருவர், ஸ்கோரர் ஒருவர், ஆக ஆறு பேர் என்கிறது விதி. 31 ஆட்டத்துக்கு 186 முறை ஆள் உட்கார வேண்டும். இதில் நடுவரும் அம்பயரும் வெளியிலிருந்து வருவார்கள், படி வாங்குவார்கள், நோட்டில் இருக்கிறது. ஸ்கோர் தாளில் விடிய விடியக் கோடு கிழித்தவர் நோட்டில் இல்லை.

சாப்பாடு: அணிக்கு 12 பேர், 384 பேர். இரண்டு வேளைக்கு 768 இலை. ஆடுகிற பையன் ஒருவனுக்கு 200 கிராம் அரிசிக்குக் குறைந்தால் முகம் வாடிவிடும். 153.6 கிலோ. முன்பெல்லாம் 25 கிலோ சிப்பத்தில் ஆறு வாங்கினால் மூன்றரைக் கிலோ இடிக்கும், பக்கத்து மளிகையில் சில்லறையாக வாங்குவோம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை கட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்றதும் ஆலைக்காரர்கள் சிப்பத்தை 26 கிலோவாக ஆக்கிவிட்டார்கள். ஆறு சிப்பம் 156 கிலோ. “மோடி நம்ம போட்டிக்குன்னே சட்டம் போட்டிருக்காருடா” என்றார் அண்ணன். வரிச்சட்டத்தில் அவர் கண்ட ஒரே லாபம் அதுதான்.

அடிபட்டால் ஆட்டோ. ஏ.வி. பாலம் ஏறி கோரிப்பாளையம் தாண்டினால் ராஜாஜி அரசு மருத்துவமனை. 1889இல் திறந்த அந்தப் பாலத்தில் எத்தனை முறை ஒரு பையனின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனார் என்பதற்கு என்னிடம் எண் இல்லை. நோட்டில் உள்ள மூன்று கைமாற்றும் ஆட்டோ வாடகைக்குத்தான். மற்ற நடைகளுக்கு அவர் திருப்பிக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எந்தத் தலைப்பில் எழுதுவது

இந்தக் குறை எங்கள் நோட்டுக்கு மட்டும் உரியதல்ல. மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாத காலம். மட்டையும் உடையும் தன் கைக்காசில் வாங்கிப் பையன்களை ஆடவைத்தார். 1908இல், நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் பணக்காரர், பெயரில் போட்டி நடக்கிறது, நல்லது. அந்த மைதானத்தில் உருளை இழுத்தவர் பெயர் எந்தப் போட்டிக்கும் இல்லை. மும்பையில் சச்சினின் பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேக்கர் ஸ்டம்ப் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைப்பார்; ஆட்டம் முடியும்வரை அவுட் ஆகாமல் நின்றால் அது சச்சினுக்கு. சச்சின் சேர்த்தது 13 நாணயம். விளையாட்டு உலகத்தில் பதின்மூன்று ரூபாயாவது கணக்கில் தங்கியிருப்பது அபூர்வம்தான்.

நம் பக்கத்தில், சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. அப்பா அம்மா இருவரையும் சிறுவயதிலேயே இழந்து பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். வெறுங்காலில் ஓடிய அந்தப் பெண்ணைக் கண்டெடுத்தவர் பயிற்சியாளர் கண்ணன். பாட்டியைப் பேசிச் சம்மதிக்கவைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4X400 கலப்பு அஞ்சலோட்டத்தில் ரேவதி ஓடினார். இந்திய அணியின் நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி, தகுதிச் சுற்றோடு நின்றது. கண்ணன் அரசுப் பயிற்சியாளர், சம்பளக்காரர். எங்கள் அண்ணனோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து பேசும் மணி நேரம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் வராது. அந்த மணி நேரம் இல்லையென்றால் 19.93 இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024இல் தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுப் பொருள்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள், 86 கோடி செலவில். ஊராட்சிக்குச் சராசரி கிட்டத்தட்ட 68,000 ரூபாய். நாங்கள் மாநகராட்சி, எங்களுக்கு அது வராது. வந்திருந்தாலும் அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்பது 34ஆவது வகை. மேட் போடலாமே என்கிறார்கள். களம் 130 சதுர மீட்டர், ஒரு மீட்டர் சதுரத் துண்டு 130. துண்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்து முப்பதாயிரம். பணம் கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாகச் சுமந்தாலும் சாயங்காலம் 13 நடை, ராத்திரி 13 நடை. யார்?

விருதுகளையும் பார்த்தேன். ஆடுகிறவருக்கு அர்ஜுனா, 1961இலிருந்து. கபடி வீரர் மணத்தி கணேசன் 1995இல் வாங்கினார். அவர் வாழ்க்கையைத் தழுவிப் படமே வந்துவிட்டது. பயிற்றுவிக்கிறவருக்குத் துரோணாச்சாரியார், 1985இலிருந்து. ஆற்றுக்கு அக்கரையில் செல்லூரில் கபடி வீரர்களுக்கு ரவுண்டானாவில் சிலை இருக்கிறது. பாடிப் போகிறவன் இருக்கிறான், பிடிக்கிறவன் இருக்கிறான். காலடியில் கோடு யாருடையது என்று சிற்பியிடம் கேட்டால் பாவம் அவர் என்ன சொல்வார்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி சங்கம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். களத்தில் இறங்குவதும் ஏழு பேர். எங்கள் படிவத்தில் அண்ணன் கையெழுத்து இல்லை. எட்டாவது ஆளாக அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, பிழை திருத்திக் கொடுத்தவர் அவர்.

இரங்கல் கூட்டத்தில் இதையெல்லாம் நான் பேசவில்லை. இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு திடலில் கோடு போட வேண்டியிருந்தது. பையன்கள் நாலு பேர், புது டேப், ஒரு பை கோலமாவு. ஒன்றரை மணி நேரம் எடுத்தார்கள். போட்டு முடித்துப் பார்த்தால் களம் எங்கேயோ இடித்தது. ஒரு மூலை தள்ளிக்கொண்டு நின்றது. டேப்பைப் பிடித்து மறுபடி அளந்தார்கள்: 13, 10, 13, 10. நாலு பக்கமும் சரி. ஆனாலும் கோணல். “கண்ணுதான் கோணலா தெரியுது மாமா” என்றான் ஒருவன். பாலிடெக்னிக் படிக்கிறவன் மட்டும் விடாமல், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு டேப்பை இழுத்தான். 16.64. மற்ற இரண்டு மூலைக்கும் இழுத்தான். 16.16. கொஞ்ச நேரம் ஃபோனில் எதையோ தட்டினான். பிறகு கொட்டகைக்குப் போய் அண்ணன் கயிற்றை எடுத்து வந்தான். ஆணியை ஒரு மூலையில் அடித்து, கயிற்றை விறைப்பாகப் பிடித்து, அந்தக் கடைசி முடிச்சை டேப்பின் மேல் வைத்தான்.

16.40.

பதின்மூன்றின் வர்க்கமும் பத்தின் வர்க்கமும் சேர்ந்தால் 269, அதன் வர்க்கமூலம். பள்ளிக்கூடத்தில் அண்ணன் எதுவரை படித்தார் என்பதைக்கூட நான் கேட்டதில்லை.

ஒன்றும் பேசாமல் காலால் கோட்டை அழிக்க ஆரம்பித்தார்கள். மறுபடி போட்டு முடிக்கும்போது மணி ஆறேகால், விளக்கு எரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, ‘கோலமாவு, இரண்டு முறை’ என்று எழுதினேன்.